எங்கள் வீட்டு விரிசல்



மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, எல்லோரும் கவிதை தருவதாகத்தான் சொன்னார்கள். நட்பைப் பற்றி நாலு பேர், அம்மாவைப் பற்றி மூன்று பேர். எனக்குக் கவிதை வராது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு விரிசல்தான். அதைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். வகுப்பே சிரித்தது. பரவாயில்லை, படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வீடு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பேரணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. நான் பிறப்பதற்கு முன்பே வந்த தொகுப்பு வீடு. அப்பா திண்டிவனத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலைக்கும், மல்லாட்டை பிடுங்கும் நாளில் கொல்லி வேலைக்கும் போவார். ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். 2023ஆம் ஆண்டு சிவில் சேர்ந்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கொத்தனார் படிப்பு?" என்று தெருவில் கேட்டார்கள். அப்பா, "கொத்தனாருக்கு மேல இருக்கிற படிப்பு அது" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வீட்டு மேற்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் போகிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இருக்கிறது. அந்தச் சுவர் ஓரம்தான் ஆயாவின் கட்டில். சின்ன வயதில் அந்த விரிசலுக்குள் பல்பம் ஒளித்து வைப்பேன். மழைக்காலத்தில் பல்பம் உள்ளே போகாது. வெயில் காலத்தில் முழுதாகப் போய்விடும். "வெயிலுக்கு வாயத் தொறக்கும், மழைக்கு மூடிக்கும்" என்பார் அப்பா. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

முதலாண்டு பிசிக்ஸ் லேபில் வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கலாம் என்று தெரிந்ததும், முதலில் ஞாபகம் வந்தது அந்த விரிசல்தான். திண்டிவனத்தில் பழைய இரும்புக் கடையில் ஒரு வெர்னியர் வாங்கினேன். விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைத் திருகாணியை எம்-சீல் வைத்துப் பதித்தேன். இரண்டு திருகாணிக்கும் நடுவில் உள்ள தூரம் கூடினால் விரிசல் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. அவ்வளவுதான் கருவி. 2024 பிப்ரவரியில் நோட்டுப் போட்டேன்.

அதன் பிறகு நான் செய்த தப்பைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிப்ரவரியில் 2 மில்லிமீட்டர். மார்ச்சில் 2.4. ஏப்ரலில் 2.9. கத்திரி வெயிலில் 3.4. ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே போனது. கிராஃப் தாளில் போட்டுப் பார்த்தேன். கோடு நேராக மேலே போகிறது! இப்படியே போனால் வீடு விழுந்துவிடும் என்று ராத்திரி எல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. அழுது அடம்பிடித்து, வீட்டையே காலி செய்ய வைத்தேன். விக்கிரவாண்டியில் சித்தப்பா வீட்டில் நாற்பது நாள் இருந்தோம். அவர்கள் வீடும் சின்னதுதான். தண்ணீர்க் குடத்தில் ஆரம்பித்த பேச்சு வளர்ந்து, அம்மாவும் சித்தியும் முகம் பார்க்காமல் போனார்கள். ஜூன் கடைசியில் நாலு நல்ல மழை பெய்தது. விரிசல் தானாகச் சுருங்க ஆரம்பித்தது. வீடு விழவில்லை. திரும்பி வந்து நடை கூட்டிப் பெருக்கும்போது எதிர்வீட்டுக்காரர், "இன்னா பாப்பா, வூடு வுழுந்துதா?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஸ்ட்ரக்சர்ஸ் சாரிடம் போனேன். புரட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அளந்தது தப்பில்லம்மா. ஆனா நீ பிப்ரவரிச் சுவரையும் மே மாசச் சுவரையும் அப்படியே ஒப்பிட்டுட்டே. நடுவுல மாறினது சுவர் மட்டும்தானா?" என்றார்.

அன்று அவர் சொன்ன விஷயம் இதுதான். எந்தக் கட்டடமும் எந்தப் பாலமும் சும்மா நிற்பதில்லை. வெயிலில் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, ஈரத்தில் கனக்கிறது. அதற்கு நோய் வந்திருக்கிறதா என்று அளக்கப் போனால், நோயால் வந்த மாற்றமும் பருவத்தால் வந்த மாற்றமும் ஒரே எண்ணுக்குள் கலந்து வருகின்றன. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாவிட்டால், ஒன்று வீணாகப் பயப்படுவோம். இல்லாவிட்டால் வெயில் என்று சொல்லி நோயை விட்டுவிடுவோம்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது நம் அம்மாக்கள் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? கீறல் இருந்தால் ஓசை மாறும். பாலத்துக்கும் அப்படி ஓர் ஓசை உண்டு. அதை இயல்பு அதிர்வெண் என்கிறோம். உள்ளே சேதம் ஏற்பட்டு விறைப்பு குறைந்தால் அதிர்வெண்ணும் குறையும். அதனால் பாலத்தில் அதிர்வுமானிகளைப் பொருத்திக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அலமோசா கேன்யன் பாலத்தை 1990களில் ஒரு நாள் முழுக்க அளந்தபோது, அதன் அதிர்வெண் 24 மணி நேரத்துக்குள் சுமார் 5 சதவீதம் மாறியது. யாரும் பாலத்தைச் சேதப்படுத்தவில்லை. சூரியன் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பரிசோதனை சுவிட்சர்லாந்தில் நடந்தது. பெர்ன் – சூரிச் நெடுஞ்சாலைக்கு மேலே 'இசட் 24' என்று ஒரு கான்கிரீட் பாலம் இருந்தது. எப்படியும் இடிக்கப்போகிற பாலம். அதனால் 1997 நவம்பரிலிருந்து 1998 செப்டம்பர் வரை அதிர்வையும் வெப்பத்தையும் தொடர்ந்து அளந்தார்கள். கடைசி மாதத்தில் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகச் சேதப்படுத்தினார்கள். ஒரு தூணின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எஃகுக் கம்பிகளை அறுத்தார்கள். பிறகு கணக்கைப் பார்த்தால் என்ன வேடிக்கை! குளிர்காலத்தில் மேலே போட்ட தார் உறைந்து விறைத்ததால் ஏற்பட்ட மாற்றம், தூணை இறக்கியதால் ஏற்பட்ட மாற்றத்தை விடப் பெரிதாக இருந்தது. வெறும் எண்ணைப் பார்த்தால் அடிபட்ட பாலம் எது, குளிரில் நின்ற பாலம் எது என்று சொல்லவே முடியாது. வெப்பத்தின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்த பிறகுதான் சேதம் வெளியே தெரிந்தது. இன்றைக்கும் புதிதாக ஒரு முறை கண்டுபிடிக்கிற பலர், இந்தப் பாலத்தின் அளவுகளில் போட்டுப் பார்த்துத் தேறுகிறதா என்று சொல்கிறார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. நூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் நின்ற இரும்பு. கடைசிக் காலத்தில் அதன் தூக்குப் பகுதியில் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். அவை எச்சரித்ததைத் தொடர்ந்து, 2022 டிசம்பர் 23 முதல் அந்தப் பாலத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். கடல் நடுவே காற்று, வெயில், உப்பு, ரயிலின் எடை எல்லாம் சேர்ந்து ஆட்டுகிற ஒரு பாலத்தில், எது பருவம், எது நோய் என்று சொல்வது எவ்வளவு பொறுப்பான வேலை, யோசித்துப் பாருங்கள்.

சார் எனக்கு இரண்டு காரியம் சொன்னார். "ஒரே நேரத்துல அள. விரிசலோட சேர்த்து, விரிசலை ஆட்டுறது எதுவோ அதையும் அள."

விரிசலை ஆட்டுவது எது? முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. கோடைக்காலத்தில் விரிசல் அகலமாகிறது. ஆனால் அதே நாளில் காலை 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் அளந்தால், மதியம்தான் குறைவாக இருக்கிறது! வெயில் அடித்தால் திறக்கிறதா, மூடுகிறதா? பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, இங்கே வேலை செய்வது ஒன்றல்ல, இரண்டு. மதிய வெயிலில் செங்கல் விரிகிறது. விரிசலின் இரண்டு உதடும் நெருங்குகின்றன. இது ஒரு நாள் கதை. எங்கள் தெருவில் களிமண். கோடையில் அது காய்ந்து சுருங்கும்போது வீட்டு மூலை லேசாக இறங்குகிறது, விரிசல் திறக்கிறது. மழையில் மண் ஊறி உப்பும்போது மூலை மேலே வருகிறது, விரிசல் மூடுகிறது. இது ஒரு வருடக் கதை.

வெப்பத்துக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. மண்ணின் ஈரத்துக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிணறு இருக்கிறது. கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கல்லைக் கட்டி இறக்கினேன். தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறதோ அதுதான் என் ஈரக் கணக்கு. 2024 ஜூலை 7 ஞாயிற்றுக்கிழமை புது நோட்டுப் போட்டேன். நவம்பர் 24 வரை 21 ஞாயிறு. காலை ஒன்று, மதியம் ஒன்று, ஆக 42 அளவுகள்.

கம்ப்யூட்டர் லேபில் அவற்றைப் போட்டு, எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே நெருக்கமாகப் போகிற கோட்டைக் கண்டுபிடித்தேன். அதற்குத் தொடர்புப் போக்குக் கோடு என்றோ ரிக்ரஷன் என்றோ பெயர் சொல்லலாம். விஷயம் சுலபம். கிணற்றில் தண்ணீர் ஒரு அடி இறங்கினால் விரிசல் சுமார் 0.09 மில்லிமீட்டர் கூடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் 0.15 குறைகிறது. இனிமேல் கிணற்றையும் தெர்மாமீட்டரையும் பார்த்தால், சுவரைப் பார்க்காமலே விரிசல் இவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். நிஜமாக அளந்ததற்கும் கணக்கு சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, அந்த மிச்சம்தான் முக்கியம். அதில் வெயில் இல்லை, மழை இல்லை. அந்த மிச்சத்துக்குப் பத்தாம் வகுப்பில் படித்த திட்டவிலக்கம் போட்டேன்: 0.12 மில்லிமீட்டர். அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் என்பவர் 1924இல் தொழிற்சாலைகளுக்காகக் கட்டுப்பாட்டு வரைபடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். திட்டவிலக்கத்தைப் போல மூன்று மடங்குக்குள் ஆடினால் வழக்கமான ஆட்டம். அதைத் தாண்டினால் என்னவென்று போய்ப் பார். நானும் அதே வரம்பை வைத்துக்கொண்டேன். மிச்சம் 0.36ஐத் தாண்டினால்தான் வாயைத் திறப்பது என்று எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன். சித்தப்பா வீட்டு நாற்பது நாள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. உங்களில் பலருக்கு அந்த இரவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கு அடுத்த ஊரான மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் வாசற்படி மூழ்கி, உள்ளே கணுக்கால் வரை வந்துவிட்டது. ஆயாவைக் கட்டிலோடு தூக்கி இன்னொரு பெஞ்சின் மேல் வைத்தோம். டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ஓட, ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை புரண்டது. நான் மட்டும் எங்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 4 புதன்கிழமை தண்ணீர் வடிந்தது. முதல் வேலையாக வெர்னியரை எடுத்தேன். விரிசல் 1.9 மில்லிமீட்டர்.

கிணறு ஏறக்குறைய நிரம்பி இருந்தது. தண்ணீர் 2 அடியில். கணக்குப்படி விரிசல் 0.7 இருக்க வேண்டும். மிச்சம் 1.2. திட்டவிலக்கத்தைப் போலப் பத்து மடங்கு! கை நடுங்கியது. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே.

ஆனாலும் உடனே சொல்லவில்லை. சாருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு சந்தேகம் கேட்டார். "உன் கிணறு இந்த அளவுக்கு நிரம்பினதை உன் கோடு பார்த்ததே இல்லையேம்மா. 8 அடி வரைக்கும்தான் அதுக்குத் தெரியும். அதுக்கு அப்பால கோட்டை நீயா நீட்டுறே. சுவிட்சர்லாந்துப் பாலம் ஞாபகம் இருக்கா? உறைநிலைக்குக் கீழே போனதும் கோடு வளைஞ்சிடுச்சு." சரிதான். அதனால் கோட்டை நீட்டாமல், நவம்பர் 24 அளவிலேயே நிறுத்திப் பார்த்தேன். அன்று 8 அடிக்கு விரிசல் 1.2. அதோடு ஒப்பிட்டாலும் 0.7 அதிகம், ஆறு மடங்கு கிட்டே வருகிறது. மண் இன்னும் ஊறியிருக்கும்போது விரிசல் மூடாமல் திறந்திருக்கிறது. "கணக்கு இதுக்கு மேல சொல்லாது. போய்ப் பாருங்க" என்றார்.

சாயந்திரம் அப்பாவிடம் சொன்னேன். ஆயாவை அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது என்றேன்.

"மே மாசம் எவ்ளோ?" என்றார்.

"3.4."

"இப்ப?"

"1.9."

"பாதியா கொறஞ்சிருக்குன்னு நீயே சொல்ற. அப்ப வுழாத வூடு இப்ப ஏன் வுழப்போவுது? மறுபடியும் ஊரச் சிரிக்க வைக்கணுமா?"

கிராஃபைக் காட்டினேன். கோட்டை விட்டுத் தனியாக நிற்கிற அந்த ஒற்றைப் புள்ளியைக் காட்டினேன். "புள்ளி வச்சிக் கோலம் போடறியா?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. புலி வருது என்று ஒருமுறை கத்தியவள் நான்தானே.

அம்மா சோறு போட்டார். யாரும் பேசவில்லை. அப்போது எனக்கு, சார் வகுப்பில் சொன்ன மஹலனோபிஸ் ஞாபகத்துக்கு வந்தார். பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் நம் நாட்டுக்காரர். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1936இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் 'மஹலனோபிஸ் தொலைவு' என்ற அளவு வந்தது. கட்டடங்களின் சேதத்தைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆறடி உயரம் உள்ளவர் 80 கிலோ இருந்தால் வழக்கம். நாலரை அடி உள்ளவர் 80 கிலோ இருந்தால் வழக்கமில்லை. 80 கிலோவும் உலகத்தில் உண்டு, நாலரை அடியும் உண்டு. இரண்டும் சேர்ந்து வருவதுதான் விநோதம். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத விநோதத்தை, சேர்த்துப் பார்த்துச் சொல்கிற அளவுகோல் அது.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? அவர் தோளைப் பார்த்தேன்.

"அப்பா, நெல்லு மூட்டை எவ்ளோ கிலோ?"

"எழுபத்தஞ்சி."

"தோலோட மல்லாட்டை மூட்டை?"

"நாப்பது."

"மல்லாட்டை மூட்டை அறுபது கிலோ இருந்தா உனக்குத் தெரியுமா?"

"தோள்ல வச்ச ஒடனே தெரியும்."

"எழுபத்தஞ்சியே தூக்கற. அறுபது அதவிடக் கம்மிதான. ஏன் சந்தேகப்படற?"

"கம்மியா அதிகமான்றதா பேச்சு? மல்லாட்டைக்கு அது ஆவாது. ஈரமா இருக்கும், இல்ல கல்லு கலந்திருக்கும்."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"பிரிச்சிப் பாப்பேன்."

"அதாம்ப்பா. 3.4 வெயில் மூட்டை. 1.9 மழை மூட்டை. மழைக்கு அது ஆவாது."

அப்பா கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டு முடித்து, கை கழுவி, லாந்தரைப் போல டார்ச் லைட்டை என் கையில் கொடுத்து, பின்பக்கம் இருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனார். நாலு குத்துதான் குத்தினார். ஐந்தாவது குத்தில் கடப்பாரை கீழே போய்விட்டது. குனிந்து கையை விட்டார். முழங்கை வரை போனது. வெள்ளம் ஓடியபோது மூலை அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. சுவர் மூலை பாதிக்கு மேல் அந்தரத்தில் நின்றது.

அன்று இரவே ஆயாவின் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றினோம். மறுநாள் பனங்கட்டையில் முட்டுக் கொடுத்தோம். 2025 பிப்ரவரியில் மூலையைத் தோண்டி, கருங்கல்லும் கான்கிரீட்டும் போட்டு அடியைக் கட்டினோம். அப்பா வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று: அந்தக் கடனை வாங்க அவர் யோசிக்கவே இல்லை. விக்கிரவாண்டிக்குப் போய்ச் சித்தப்பாவிடம்தான் பாதி வாங்கினார். அம்மாவும் சித்தியும் அன்றுதான் மறுபடி பேசினார்கள்.

நண்பர்களே, கணக்குதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது என்று பெருமை பேச இதை எழுதவில்லை. அடியில் பள்ளம் இருக்கிறது என்று என் கிராஃப் சொல்லவில்லை. அதைச் சொன்னது கடப்பாரை. கணக்கு செய்தது ஒரே வேலை: வெயில் எது, மழை எது என்று கழித்துவிட்டு, இங்கே வந்து பார் என்று கதவைத் தட்டியது. தட்டுகிற சத்தம் பொய்யாகவும் இருக்கலாம். மே மாதம் நான் செய்தது வீண் எச்சரிக்கை. டிசம்பரில் அப்பா செய்யப் பார்த்தது தவறவிட்ட எச்சரிக்கை. வரம்பை இறக்கி வைத்தால் முதல் தப்பு கூடும். ஏற்றி வைத்தால் இரண்டாவது தப்பு கூடும். இரண்டிலும் நஷ்டப்படுவது அந்தச் சுவரோரம் படுத்திருக்கிறவர்தான். வரம்பு எழுதும்போது அவரை நினைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிசம்பர் 4இல் வாங்கிய வெர்னியரால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. அந்த ஒரு அளவுக்கு அர்த்தம் கொடுத்தது, ஒன்றுமே நடக்காத 21 ஞாயிற்றுக்கிழமைகள். நோய் வந்த பிறகு ஆரோக்கியத்தை அளக்க முடியாது. நாளைக்கு நாம் சூப்பர்வைசராகவோ, சைட் இன்ஜினியராகவோ போவோம். பாலமோ தண்ணீர்த் தொட்டியோ நம் கைக்கு வரும்போது, நல்லபடியாக இருக்கிற நாளிலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். அளவோடு சேர்த்து நேரம், வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எழுதுங்கள்.

அடியைக் கட்டிய பிறகு எங்கள் சுவர் பழைய சுவர் இல்லை. பழைய கோடு அதற்குப் பொருந்தாது. அதனால் 2025 மார்ச்சில் மூன்றாவது நோட்டை ஆரம்பித்தேன். இப்போது ஞாயிறு காலை நான் வெர்னியரைப் பிடிக்கும்போது, கிணற்றில் கயிறு விடுவது அப்பாவின் வேலை. முடிச்சு எண்ணி உரக்கச் சொல்வார். நான் விரிசலைச் சொல்வதற்கு முன்பே, "இன்னிக்கி இவ்ளோதான் இருக்கும்" என்று அவரே ஒரு எண்ணைச் சொல்லிப் பார்ப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சரியாக இல்லாத நாளில் என்னைப் பார்க்கிறார். நான் மறுபடி அளக்கிறேன்.



— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு